அடுப்படியில் ஏறி இறங்கும் துணிக்கொடி

இலங்கை மலையகத்தில், எங்கள் வட்டவளைப் பக்கம் மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை முற்றத்துக் கொடிக்கு வேலையே கிடையாது. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம் இது. மழை விட்டாலும் மூட்டம் விடாது. காலையில் போட்ட துணி மாலையில் இன்னும் கொஞ்சம் கனத்திருக்கும். பண்டாரவளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்கா அதே நாட்களில், துணி ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்கிறது என்று தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. மேற்கிலிருந்து வரும் காற்று தன் தண்ணீரையெல்லாம் எங்கள் தலையில் இறக்கிவிட்டு, மலையைக் கடந்து அந்தப் பக்கம் வறண்டுபோய் இறங்குகிறது. அங்கே அதற்குக் கச்சான் காற்று என்று பெயர் வேறு.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவன் முன்பள்ளி. பெரியவளுக்கு வெள்ளைச் சீருடை இரண்டு சோடி. தேயிலை மலைக்கு நடுவில், செம்மண் பாதையில், மழைக்காலம் முழுவதும் நடந்து போகும் பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு என்று முடிவு செய்தவர் யாரானாலும் அவர் துணி துவைத்தவராக இருக்க முடியாது. சின்னவனுக்குச் சீருடை அவ்வளவு கண்டிப்பில்லை. ஆனால் அவன் ஒருவனே மூன்று பிள்ளைகளின் துணியை நனைப்பான்.

வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. ஆகையால் இந்த வேலையைச் செய்தவள் நான். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். அளவு எடுப்பதும் வெட்டுவதும் பழக்கம்தான், பொருள் மட்டும் மாறியது. கூட இருந்தவர்கள் மாமியாரும் இரண்டு உதவியாளர்களும். உதவியாளர்களில் ஒருவருக்கு ஆணி கொடுக்கும் வேலை. மற்றவருக்கு அந்த ஆணியை எங்கே வைத்தார் என்று தேடும் வேலை.

செய்தது இதுதான்: குசினியின் கூரைக்குக் கீழே கப்பியில் ஏறி இறங்கும் ஒரு துணிச் சட்டம். கீழே இறக்கித் துணியைப் போட்டு, மேலே இழுத்துக் கட்டிவிட வேண்டும். லயத்து வீட்டில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், தரையில் வைக்கும் துணி ஸ்டாண்டுக்கு இடமில்லை. இருக்கும் தரையை ஏற்கனவே இரண்டு பேர் பஸ் நிலையமாக வைத்திருக்கிறார்கள். மேலே மட்டும்தான் காலியிடம். சூடும் அங்கேதான் தங்குகிறது.

அந்தச் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே 15 பாகைக் குளிரில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றை வீட்டுக்குள் 25 பாகைக்குச் சூடாக்கினால், அந்தச் சூட்டில் அது தாங்கக்கூடிய ஈரத்தில் ஏறக்குறையப் பாதிதான் அதில் இருக்கும். மீதிப் பாதியைத் துணியிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்ட காற்று வெளியே போகவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஈரம் சுவரில் பூஞ்சணமாக ஏறும். அதனால் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்கக் கூடாது. குளிருக்குப் பயந்து அங்கே சாக்கு திணித்து வைப்பது எங்கள் லயத்தில் வழக்கம். நான் எடுத்துவிட்டேன். மாமியார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காற்றுக்கும் கதவு திறந்துவிடு, அதுவும் பிள்ளைதானே" என்றார்.

முதலில் பார்க்க வேண்டியது வளை. கூரையைத் தாங்கும் குறுக்கு மரம் கறையான் தின்றதாக இருந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே பொத்தலாக இருந்தால் சத்தம் மாறும். சந்தேகமான இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எங்கள் வளையில் ஏற்கனவே ஓர் இரும்பு வளையம் இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேலைத் தொட்டில் கட்டியது அதில்தான். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பேரையும், அவர்கள் எவ்வளவு உதைத்தும், தாங்கிய வளையத்துக்கு ஈரத் துணி பெரிதில்லை. வளையத்தின் கதையைக் கேட்ட சின்னவன், "அப்படியென்றால் அது என்னுடைய வளையம்" என்று சொல்லிவிட்டான். வேலை முழுவதும் அவனிடம் அனுமதி கேட்டுத்தான் நடந்தது.

வளையத்துக்கு நான்கு அடி தள்ளி இரண்டாவது கொக்கி போட வேண்டியிருந்தது. பக்கத்துக் காம்பராத் தம்பி ட்ரில் மெஷினோடு வந்தான். மரையுள்ள கொக்கிதான் வேண்டும். ஆணியில் வளைத்த கொக்கி நாளடைவில் நழுவி வரும். கொக்கியின் தடிப்பைவிடக் கொஞ்சம் சிறிய துளை போட்டால் மரம் பிளக்காமல் மரை கடித்துப் பிடிக்கும். மரையில் சவர்க்காரத்தைத் தேய்த்தால் சுலபமாகத் திரும்பும் என்று தம்பி சொன்னான். சவர்க்காரம் கொண்டு வா என்றதும் சின்னவன் ஓடினான். துணிச் சவர்க்காரத் துண்டு தொட்டியின் மேலேயே கிடந்தது. அவன் கொண்டு வந்தது அவனுடைய அப்பா கொழும்பிலிருந்து வாங்கி வந்து, அப்பாயி, அதாவது என் மாமியார், பெட்டியில் பூட்டி வைத்திருந்த வாசனைச் சவர்க்காரம், உறை பிரித்தபடி. பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது. கொக்கி மட்டும் நல்ல மணத்தோடு ஏறியது.

இந்த வளை அடுப்புக்கு நேர் மேலே இல்லை, நான்கு அடி விலகித்தான் ஓடுகிறது. நேர் மேலே இருந்தாலும் நான் அங்கே போட்டிருக்க மாட்டேன். விறகு அடுப்புக்கு நேரே துணியைத் தொங்கவிடுவது நெருப்புக்கு அழைப்பு வைப்பது. அதோடு கரி வெள்ளையில் பட்டால் போகாது.

சட்டத்துக்கு இரண்டு பலகை, நான்கு கம்பு. பலகை, கால் உடைந்த பழைய வாங்கிலிருந்து அறுத்தது. ஒவ்வொன்றும் இரண்டடி நீளம். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டு முதல் துளை. அதற்குப் பிறகு ஆறே முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாக மூன்று துளை. கம்புகளுக்கு இடையில் இதைவிட நெருக்கம் வைத்தால் துணியும் துணியும் ஒட்டிக்கொண்டு காயாமல் நாறும்.

கம்பு ஐந்தடி மூங்கில், கட்டைவிரல் தடிப்பு. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்றார் மாமியார், தேய்பிறையில்தான் வெட்டினோம். அதோடு நான் ஓடைத் தண்ணீரில் ஊறவும் போட்டேன். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் பூச்சி வருகிறது, ஊறினால் அது குறைந்து போகும். கம்பு பூச்சி இல்லாமல் இருக்கிறது. அந்தப் பெருமையை நிலவுக்குக் கொடுப்பதா ஓடைக்குக் கொடுப்பதா என்று எங்கள் வீட்டில் யாரும் சண்டை போடவில்லை.

மூங்கிலின் கணுக்களை உப்புத் தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஒரு சிலும்பு நின்றாலும் மேசின், அதாவது காலுறையின், நூலைப் பிடித்து இழுத்துவிடும். பெரியவள் தேய்த்துக் கொடுத்தாள். தேய்த்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இது பாஸ், இது பெயில்" என்று பிரித்து வைத்தாள். அவளுடைய வகுப்பாசிரியை இவ்வளவு கண்டிப்பாகத் திருத்துவாரா என்பது சந்தேகம். வெள்ளைச் சீருடைக்கென்று ஒரு கம்பை மட்டும் ஓர் அங்குல எஸ்லோன் என்னும் பிளாஸ்டிக் பைப்புக்குள் நுழைத்தேன். மூங்கில் தனியாக இருந்தால் ஈரத்தில் மஞ்சள் கறை விடலாம். பைப் தனியாக இருந்தால் ஈரத் துணியின் கனத்தில் நடுவில் தொய்யும். இரண்டும் சேர்ந்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

கப்பி வாங்கும்போது சில்லின் பள்ளத்தைப் பாருங்கள். கயிற்றைவிடப் பள்ளம் அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு துள்ளி, சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். ஒற்றைச் சில்லுக் கப்பி ஒன்று, இரட்டைச் சில்லுக் கப்பி ஒன்று. தூரத்துக் கொக்கியில் ஒற்றை, சுவர்ப் பக்கத்து வளையத்தில் இரட்டை. சட்டத்தின் தூரத்து முனையிலிருந்து வரும் கயிறு ஒற்றைச் சில்லில் ஏறி, வளையோடு ஓடி வந்து, இரட்டையின் ஒரு சில்லில் இறங்கும். கிட்டிய முனையின் கயிறு நேராக மற்றச் சில்லில் இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் சட்டம் மட்டமாக மேலே போகும். ஒவ்வொரு பலகையின் இரண்டு ஓரத்திலிருந்தும் சிறு கயிறு எடுத்து நடுவில் ஓர் இரும்பு வளையத்தில் முடிந்து, பெரிய கயிற்றை அந்த வளையத்தில் கட்டினேன். மாடு கட்டும் முடிச்சை மாமியார் போட்டுக் காட்டினார். எவ்வளவு இழுத்தாலும் கழுத்தை இறுக்காது; வேண்டும்போது அவிழ்க்கவும் வரும்.

நகரும் கப்பி ஒன்று சேர்த்தால் பாதிப் பலத்தில் தூக்கலாம் என்று தம்பி யோசனை சொன்னான். உண்மைதான். எட்டுக் கிலோ ஈரத் துணியை நான்கு கிலோ இழுவையில் தூக்கிவிடலாம். ஆனால் பாதிப் பலத்துக்கு இரண்டு மடங்கு கயிறு இழுக்க வேண்டும்; ஐந்தடி உயர்த்தப் பத்தடிக் கயிறு கீழே வந்து குவியும். நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் தரையில் குவிந்த கயிறு பாம்பாகும், ரயிலாகும், சின்னவனைக் கட்டி இழுக்கும் வடமுமாகும். எட்டுக் கிலோவை நேராகவே இழுத்துக்கொள்கிறேன். தண்ணீர்க் குடம் தூக்கிய கைதானே.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் பிள்ளைகள் சிரிக்க வைப்பார்கள். கயிற்றில் சிரிப்பு இல்லை. தொங்கும் கயிற்றின் சுருக்கு சின்னப் பிள்ளையின் கழுத்தில் விழுந்தால் சத்தம்கூட வராது. சட்டத்தை உயர்த்தியதும் ஐந்தடிக் கயிறு மிச்சமாகக் கைக்கு வருகிறது. அதைத் தொங்கவிடக் கூடாது. கயிறு சுற்றும் கட்டையைச் சுவரில் ஐந்தரை அடி உயரத்தில் அடித்தேன். எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்றிய பிறகு மிச்சக் கயிற்றைப் போட, மாச்சாக்குத் துணியில் ஒரு பை தைத்து, அதற்கும் மேலே மாட்டினேன். பிள்ளைகள் அதற்குப் பாம்புப் பை என்று பெயர் வைத்தார்கள். உள்ளே பாம்பு தூங்குகிறது, எழுப்பக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். நான் போட்ட சட்டங்களைவிட அது நன்றாக நடக்கிறது. குசினிக்குள் நாற்காலியை இழுத்து வருவது மட்டும் என் சட்டம்: கூடவே கூடாது.

கை நழுவிக் கயிறு ஓடினாலும் சட்டம் தலையில் விழாதபடி கயிற்றில் ஒரு தடை முடிச்சு வேண்டும். கப்பிக்குள் புகாத தடிப்பில் முடிச்சு இருந்தால் சட்டம் அந்த உயரத்திலேயே நின்றுவிடும். எந்த உயரம்? பெரியவளின் தலைக்கு மேல் நான்கு விரல். அதற்காக இரண்டு பேரையும் கதவு நிலையில் நிறுத்தி அளவெடுத்தேன். பெரியவள் குதிகாலைத் தூக்கினாள். இறங்கி நில்லுங்கள் மகள் என்றேன். இறங்கினாள், தலைமுடியை மேலே தூக்கிப் பிடித்தாள். சின்னவன் தன்னை அளந்த கோட்டைப் பார்த்தான், அக்காவின் கோட்டைப் பார்த்தான், பென்சிலை வாங்கி அக்காவின் கோட்டுக்கு மேலே ஒரு கோடு போட்டான். "இது நான் சோறு சாப்பிட்ட பிறகு." இவ்வளவு அளவுகளுக்கு நடுவில் உண்மையான அளவு நாலே கால் அடி. வளர வளர முடிச்சை மாற்ற வேண்டும்.

கயிறு 6 மில்லிமீட்டர் வெள்ளை நைலோன். நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு மலிவு, தண்ணீரும் குடிக்காது, ஆனால் கையை அறுக்கும். நைலோனின் குணம், கனம் ஏறினால் நீளும். தூரத்து முனைக்குப் போகும் கயிறு நீளமானது, ஆகவே அது கூடுதலாக நீளும், ஆகவே சட்டம் தூரத்துப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்துதான் நிற்கிறது. காலையில் பார்த்தால் பெரியவளின் கழுத்துப்பட்டி, மேசு, கைக்குட்டை எல்லாம் அந்த மூலைக்குச் சறுக்கிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கும். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிக் கம்பில் இடைவிட்டுப் போட்டேன். துணி நின்றது.

பாரம் பார்க்கப் பத்துக் கிலோ அரிசி மூட்டையையும் பாதி நிறைந்த வாளியையும் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டேன். சின்னவனுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. "நான் அரிசியைவிடக் கனம். என்னை ஏற்றுங்கள் அம்மா. வளையம் என்னுடையதுதானே?" வழக்கு அப்பாவிடம் தொலைபேசியில் போனது. அப்பா கொழும்பிலிருந்து தீர்ப்புச் சொன்னார்: பஸ்ஸில் சாமான் ஏற்றும் இடத்தில் ஆள் ஏறக் கூடாது. அந்த ஒரு வசனத்தில்தான் சட்டம் பஸ்ஸாக மாறியது.

பஸ்ஸாக மாறியதன் நன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது துணி போடும் வேளையில் பெரியவள் கண்டக்டர், சின்னவன் சாரதி. கரண்டிதான் அவனுக்கு ஸ்டியரிங். துணிகள் பயணிகள். "உள்ளே போங்கள், உள்ளே போங்கள், பின்னால் இடமிருக்கிறது" என்று அவள் சத்தம் போட, நான் துணியை நகர்த்துகிறேன். அப்பாவின் காற்சட்டைக்கு இரண்டு சீட். சின்னவனின் உள்ளாடைகள் பாஸ் வைத்திருப்பதால் காசு கிடையாது. என் சேலையை ஏற்றவே மாட்டாள்: "இவ்வளவு நீளமானவர் தனி வான் பிடித்து வர வேண்டும்." ஒரு பக்கக் கம்பில் கனமான துணி கூடினால் சட்டம் அந்தப் பக்கம் சாயும். "பஸ் சாய்கிறது!" என்று சாரதி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவான். உடனே ஒரு துவாயை எதிர்ப் பக்கம் மாற்ற வேண்டும். தடித்த துணி இரண்டு ஓரக் கம்புகளில் சமமாக, மெல்லிய துணி நடுவில் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். இப்போது பிந்தி வரும் பயணி எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு அவள் சொல்கிறாள். உயரத்தில் எட்டாத துணியை மட்டும் நான் போடுகிறேன், அதற்குக் கண்டக்டரிடம் டிக்கெட்டும் வாங்குகிறேன்.

ஏற்றுவதற்கு முன்னால் தண்ணீரை எடுக்க வேண்டும். கையால் பிழிந்தது போதாது. சொட்டும் துணியைக் குசினிக்குள் கட்டினால் தரை குளமாகும். இதற்கு மெஷின் தேவையில்லை. காய்ந்த துவாயை விரித்து, பிழிந்த சீருடையை அதன் மேல் பரப்பி, இறுகச் சுருட்டி, பாயில் வைத்து, காலைக் கழுவிய பிள்ளைகளை அதன் மேல் விடுங்கள். குதிகாலில் விழும் பாரம் என் இரண்டு கைக்கும் வராது. பெரியவள் இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே மிதிப்பாள், சின்னவன் ஒவ்வொரு விடைக்கும் "பத்து!" என்று கத்திக்கொண்டு குதிப்பான், ஓரிடத்தில் அது சரியாகவும் இருக்கும். வாய்ப்பாடு முடியும்போது துவாய் நனைந்திருக்கும், சீருடை வெறும் ஈரப்பதமாக இருக்கும். முதல் தடவை இதைச் செய்து முடித்ததும் சின்னவன் நனைந்த துவாயைத் தூக்கிக் காட்டிக் கேட்டான்: "இதை எதில் சுருட்டுவது?" நல்ல கேள்வி. அது ஓரக் கம்பில் இரண்டு இரவு கிடக்கும், வேறு வழியில்லை.

தோய்ப்பதற்கு முன் பை சோதனை. சின்னவனின் காற்சட்டைப் பையில் தேயிலைக் கொட்டை, அரைவாசி தின்ற டொபி, கூழாங்கல் கட்டாயம் இருக்கும். மேசுகளை வெளிப்புறமாகப் புரட்ட வேண்டும், இரத்தம் குடிக்கும் அட்டை ஒளிந்திருக்கும். உப்பு எடுக்கப் போனால் சின்னவன் மறிப்பான்: "அது பாவம், அக்காவோடு பள்ளிக்கூடம் போய்க் களைத்து வந்திருக்கிறது." ஆகவே எங்கள் வீட்டு அட்டைகள் தேயிலை இலையில் ஏறி, மரியாதையாக வெளியே போகின்றன. அவை நாளைக்கும் பள்ளிக்கூடம் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சப்பாத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து அடுப்புத் திண்ணையின் ஓரத்தில் சாய்த்து வைப்பதுதான். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்ற வேண்டும், நனைந்த தாள் பிறகு ஒன்றையும் உறிஞ்சாது. நெருப்புக்குக் கிட்ட வைத்தால் அடிப்பகுதியின் பசை விடும். கிரிக்கெட் பக்கத்தைத் திணிக்கச் சின்னவன் விடுவதில்லை. அரசியல் பக்கங்களுக்கு அவன் ஒன்றும் சொல்வதில்லை.

தகரக் கூரையில் ஒரு சிக்கல் உண்டு. இரவில் தகரம் குளிர்ந்ததும் துணியிலிருந்து கிளம்பிய ஆவி அதன் அடியில் முத்து முத்தாகப் பிடித்து, விடியற்காலையில் காய்ந்த துணியின் மேலேயே சொட்டுகிறது. துணி காய்ந்து, மறுபடி நனைந்து, அதுவும் துருக் கறையோடு. மாச்சாக்குகளைப் பிரித்துக் கழுவி ஒன்றாகத் தைத்து, தகரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு சாய்ந்த மேற்கட்டி கட்டினேன். தகரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். தாழ்ந்த ஓரம் சுவர்ப் பக்கம் இருந்தால் விழும் சொட்டு அதன் வழியே சுவருக்குப் போய்விடும்.

சமைக்கும்போது சட்டம் மேலே இருக்கக் கூடாது என்பதைக் கருவாடு சொல்லித் தந்தது. பெரியவளின் பக்கத்தில் இருக்கும் பிள்ளை, உன் சட்டையில் கருவாட்டு வாசம் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால், "ஆமாம், நேற்று எங்கள் வீட்டில் கருவாடும் கத்தரிக்காயும், உனக்கு வேண்டுமா என்று கேட்டேன்" என்றாள். மறுநாள் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பாட்டுப் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. இப்போது இரவுச் சமையல் முடிந்து, புகை அடங்கி, தணல் மட்டும் இருக்கும்போதுதான் பஸ் புறப்படும். தணலின் சூடே போதும். நன்றாகக் காய்ந்த விறகாக இருந்தால் புகை வாசமும் ஏறாது.

இந்த முறையில் சீருடை காலைக்குள் காய்ந்துவிடுகிறது. கழுத்துப்பட்டையும் இடுப்புத் தையலும் மட்டும் குளிர்ந்திருக்கும், தடித்த தையல்கள் கடைசியில்தான் காயும். அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் இஸ்திரிப் பெட்டி போதும். முழு உடுப்பையும் இஸ்திரியில் காய வைத்த காலத்து மின்சாரக் கட்டணத்தைப் பற்றி மாமியார் இன்னும் பேசுகிறார்.

எதிர்பாராத பயணிகளும் வருவார்கள். ஒருநாள் சட்டத்தை இறக்கியபோது நடுக் கம்பில் துணிக் கிளிப் போட்டு ஒரு ரொட்டி தொங்கியது. சாயத்தண்ணீரில், அதாவது பால் ஊற்றாத தேநீரில், விழுந்ததாம். தடை முடிச்சு உயரத்தில் சட்டம் நின்ற வேளையில் சின்னவன் அப்பாயியைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லியிருக்கிறான். அவரும் ஒன்றும் கேட்காமல் மாட்டியிருக்கிறார். காய்ந்ததும் அவனே சாப்பிட்டான். மொறுமொறுவென்று இருக்கிறது, பெரியம்மா வீட்டுத் துணி மாதிரி என்றான். அக்கா தொலைபேசியில் சொல்வதையெல்லாம் இவன் எங்கிருந்து கேட்கிறான்?

கிழமைக்கு ஒருமுறை கொக்கி, முடிச்சு, கயிறு மூன்றையும் பார்க்கிறேன். கயிறு சில்லில் உரசும் இடத்தில் நூல் பஞ்சாகக் கிளம்பியிருந்தால் மாற்ற வேண்டும், யோசிக்கக் கூடாது. கப்பி கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். எங்கள் ஊரில் போத்தலுக்குள்ளேயே கட்டியாகத்தான் இருக்கிறது. சில்லில் விட்டால் இறுகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சத்தம் நின்றுவிடும். சாரதிக்கு அதில் திருப்தியில்லை, சத்தம் இல்லாத பஸ்ஸுக்கு யார் வழிவிடுவார்கள் என்று கேட்கிறான்.